அட்டையில் ஒரு முதுகு

ஆய்வுப் பணி ஒன்றுக்காக மூன்று மாதங்கள் இங்கிலாந்தில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி லீட்ஸ் நகரில் நடந்த பழம்பொருள் சந்தைக்கு என்னை அழைத்துப் போனார். அவர் பீங்கான் கோப்பைகளைத் தேடிப் போய்விட்டார். நான் வீடியோ கேசட்டுகள் அடுக்கியிருந்த ஒரு மேசையருகே நின்றுவிட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரு கேசட் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். உறைக்குள் செருகியிருந்த அட்டைத்தாள் 1982இல் அச்சானதா, பிற்காலத்தில் யாரோ நகலெடுத்து அச்சிட்டதா என்பதுதான் வழக்கு. ஒருவர் உறையின் முதுகில் இருந்த எழுத்துகளின் தடிமனைக் காட்டினார். மற்றவர் தாளின் மடிப்புக்கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார்.

உறையின் முன்பக்கத்திலும் ஒரு முதுகு இருந்தது. கிழிந்த உடையும் கையில் கத்தியுமாக, நமக்கு முகம் காட்டாமல் நிற்கும் ஒரு பெண்ணின் முதுகு. வாதிட்ட இருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பல நூறு முறை பார்த்துப் பழகிய படமாக இருந்திருக்கும்.

நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்த கடைக்காரர், இந்தப் படத்தின் விளம்பரத்தில் ஒரு தப்பு இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் தொங்கிய சுவரொட்டி நகலைக் காட்டினார். இந்தப் பெண் ஐந்து ஆண்களை அடையாளம் தெரியாதபடி வெட்டி, நறுக்கி, உடைத்து, எரித்திருக்கிறாள், ஆனால் அமெரிக்காவில் எந்த ஜூரியும் அவளைக் குற்றவாளி என்று சொல்லாது என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. படத்தில் இருப்பது நான்கு ஆண்கள்தான், எரிக்கப்படுபவர் யாருமில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சேகரிப்பாளர்களுக்கு அது ஒரு பழைய வேடிக்கை. விளம்பரம் எழுதியவர் படத்தையே பார்க்கவில்லை என்பார் ஒருவர். ஐந்து என்றால் கூடுதலாக விற்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பார் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐந்தையும் நான்கையும் தூக்கிக்கொண்டே ஊர் திரும்பினேன். ஒரு பெண்ணின் கதையை அட்டையில் சொல்பவருக்கு எத்தனை பேர் அவளைத் தாக்கினார்கள் என்பதுகூடத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்றால், அட்டை எதற்காக இருக்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நான் போன வழி.

*

எண்பதுகளின் இறுதியில் எங்கள் ஊரில் வீடியோ டெக்கையும் டிவியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி மூன்று படங்கள் பார்த்திருக்கிறோம். அந்த கேசட்டுகளுக்கு அட்டைப்படம் என்று எதுவும் கிடையாது. கறுப்பு டப்பா, அதன்மேல் கடைக்காரர் பேனாவால் எழுதிய படப்பெயர், அவ்வளவுதான். எந்தப் படம் வேண்டும் என்று தெரிந்துகொண்டே கடைக்குப் போனோம். ஆகவே கேசட் உறையை ஒருவர் சேகரிப்பார், அதற்காகச் சண்டை போடுவார் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

பிரிட்டனில் நிலைமை வேறு. 1970களின் இறுதியில் வீடியோ வந்தபோது பெரிய பட நிறுவனங்கள் தயங்கின. அந்த இடைவெளியில் சின்னச் சின்ன நிறுவனங்கள் யாரும் கேள்விப்படாத மலிவுப் படங்களின் உரிமையை வாங்கி கேசட்டாக வெளியிட்டன. நடிகர் பெயரைச் சொல்லியோ இயக்குநர் பெயரைச் சொல்லியோ விற்க முடியாது. கடை அலமாரியில் முகம் காட்டி நிற்கும் உறை ஒன்றுதான் விற்பனையாளர். திரையரங்கப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. கேசட்டுக்கு அப்படி ஒரு சட்டம் அப்போது இல்லை. எனவே உறையில் எதையும் அச்சிடலாம் என்றானது. 1982இல் 'தி டிரில்லர் கில்லர்' என்ற படத்துக்கு, ஒரு மனிதனின் நெற்றியில் துளையிடும் இயந்திரம் இறங்கும் காட்சியைப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டார்கள். புகார்கள் குவிந்தன. படத்தைப் பார்க்காதவர்களும் அந்த உறையைப் பார்த்திருந்தார்கள். அங்கே மூண்ட தார்மீகப் பதற்றம் உறைகளைப் பார்த்து மூண்டது என்று சொன்னால் பெரிய தவறில்லை.

அரசுத் தரப்பு வழக்குத்தொடுப்புத் துறை தயாரித்த பட்டியலில் காலப்போக்கில் 72 படங்கள் இடம்பெற்றன. அவற்றில் 39 படங்கள்மீது வழக்குகள் வெற்றிபெற்றன. காவல்துறை கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளிச் சென்று அழித்தது. 1984இல் வீடியோ பதிவுகள் சட்டம் வந்தது. சட்டத்துக்கு முந்தைய, சான்றிதழ் எண் அச்சிடப்படாத கேசட்டுகள் அரிதாகிப்போயின. அரிதானதால் விலை ஏறியது, விலை ஏறியதால் போலி உறைகள் வந்தன. போலி வந்ததால் மடிப்புக்கோட்டை நகத்தால் தடவிப் பார்க்கும் நிபுணர்கள் உருவானார்கள். நான் சந்தையில் பார்த்த இருவரும் அந்த வரிசையில் வந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' அந்தப் பட்டியலில் இருந்த படம்.

இந்தத் தடையை நம் தரப்பு வெற்றியாக எண்ணிவிடக் கூடாது. வழக்குகள் 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்தின்கீழ் நடந்தன. பார்ப்பவரின் ஒழுக்கத்தை இது சீரழிக்குமா, கெடுக்குமா என்பதே அந்தச் சட்டத்தின் அளவுகோல். திரையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பது அதன் கேள்வியே இல்லை. கேசட்டை அத்தனை வேகமாகக் கைப்பற்றிய அதே நாட்டில், மனைவியைக் கணவன் வன்புணர்வதும் குற்றம்தான் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1991இல். நாம் பெருமூச்சுவிட ஒன்றுமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நம்முடைய புதிய தண்டனைச் சட்டத்திலும், பதினெட்டு வயது நிறைந்த மனைவியைப் பொறுத்தவரை கணவனுக்கான விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.

*

படத்துக்கு வருகிறேன். இதன் இயக்குநர் மெயர் ஸார்ச்சி. படத்தின் தொடக்கம் 1974இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சம்பவம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பூங்கா ஒன்றின் அருகே காரில் போகும்போது, உடலில் துணியின்றி ரத்தம் ஒழுக வந்த ஓர் இளம்பெண்ணை அவரும் நண்பரும் பார்க்கிறார்கள். காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அந்தப் பெண்ணின் தாடை உடைந்திருக்கிறது, பேச முடியவில்லை. மருத்துவமனைக்கு அனுப்பாமல், பெயர் என்ன, ஊர் எது என்று அதிகாரி கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார். தாக்கியவர்கள்மீது வந்த கோபத்துக்குக் குறையாத கோபம் தனக்கு அந்த அதிகாரியின்மீது வந்தது என்ற பொருளில் ஸார்ச்சி பேசியிருக்கிறார்.

அவர் 1977இல் கனெக்டிகட் மாநிலத்தில் எடுத்து, 1978இல் திரைக்குக் கொண்டுவந்த படத்துக்கு வைத்த பெயர் 'டே ஆஃப் தி வுமன்'. பெண்ணின் நாள். கமீல் கீட்டன் நடித்த நாயகி ஜெனிஃபர் ஒரு எழுத்தாளர். தன் முதல் நாவலை எழுதி முடிக்க நியூயார்க்கிலிருந்து கிளம்பி ஆற்றங்கரை வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக வந்து தங்குகிறாள். அந்த ஊர் ஆண்கள் நால்வர் அவளைத் துரத்தி வன்புணர்கிறார்கள். அந்தக் காட்சிகள் தாங்க முடியாத நீளம் கொண்டவை. நான் நான்கைந்து முறை நிறுத்தி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்துதான் பார்த்தேன். அவர்கள் அவளுடைய கையெழுத்துப் பிரதியை எடுத்து வாசித்துக் கேலி செய்து கிழிக்கவும் செய்கிறார்கள். பிழைத்தெழும் அவள் நால்வரையும் ஒவ்வொருவராகக் கொல்கிறாள்.

அதற்குமுன் ஒரு காட்சி வருகிறது. உடல் தேறும் நாட்களில், கிழிந்த பக்கங்களை எடுத்துவைத்து டேப் ஒட்டிச் சேர்க்கிறாள். வசனம் எதுவும் இல்லை. படம் முழுவதிலும் எனக்குள் தங்கிப்போனது அந்தக் காட்சிதான். வீட்டாரிடமிருந்து குறிப்பேட்டை ஒளித்துவைத்து எழுதியவர்கள், ஒளித்துவைத்தது கிழிபட்டுக் கிடக்கக் கண்டவர்கள் நம்மில் பலர். எனக்கும் பதினேழு வயதில் அது நடந்தது.

படத்தை வெளியிட யாரும் முன்வரவில்லை. ஸார்ச்சி தானே கிராமப்புறத் திறந்தவெளி அரங்குகளில் ஓட்டிப் பார்த்தார், சில நாட்களுக்குமேல் எங்கும் ஓடவில்லை. 1980இல் ஜெர்ரி கிராஸ் என்ற விநியோகஸ்தர் அதை எடுத்துக்கொண்டு 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' என்று பெயரை மாற்றினார். உன் கல்லறைமீது காறி உமிழ்கிறேன். தனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்று ஸார்ச்சி பின்னர் சொன்னார். ஆனாலும் நிலைத்தது அதுதான். முதுகு காட்டி நிற்கும் பெண்ணும் ஐந்து ஆண்கள் என்ற வாசகமும் அந்த மறுவெளியீட்டின் சுவரொட்டியில் இருந்தன. அங்கிருந்து கேசட் உறைகளுக்கு வந்து, டிவிடிக்கு வந்து, ப்ளூரேக்கு வந்தன.

அந்தத் தலைப்புக்கே முன்கதை உண்டு. போரிஸ் வியான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1946இல் வேறொரு பெயரில் எழுதிய நாவலின் தலைப்பு ஏறக்குறைய இதுதான். அது படமாக்கப்பட்ட விதம் பிடிக்காமல் தன் பெயரை நீக்கச் சொல்லிப் போராடினார் அவர். 1959 ஜூன் 23 அன்று பாரிஸில் அந்தப் படத்தின் முன்னோட்டக் காட்சியில் அமர்ந்திருந்தபோதே மாரடைப்பு வந்து இறந்துபோனார். தன் கதையை மற்றவர் பொதி கட்டி விற்பதைத் தடுக்க முடியாத ஒருவரின் நினைவு ஏற்கனவே ஒட்டியிருந்த தலைப்பு இது.

தமிழ் இலக்கியம் படித்தவள் என்பதால் என் கண் முதலில் போவது தலைப்பின்மீது. 'பெண்ணின் நாள்' படர்க்கையில் நின்று ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறது. 'உமிழ்கிறேன்' தன்மை. பார்த்தால் அவளுக்குக் குரல் கொடுத்ததுபோலத் தோன்றும். ஆனால் அந்த 'நான்' யார்? நாவல் எழுத வந்தவளின் பேச்சா அது? படத்தில் எழுதத் தெரிந்தவள் அட்டைக்கு வரும்போது உமிழத் தெரிந்தவளாகிறாள். நம் சங்கப் பாடல்களுக்கும் இப்படி ஒரு பொதி உண்டு. இன்னார் கூற்று, இன்ன சூழலில் இன்னாருக்குச் சொன்னது என்று பாட்டின் அடியில் இருக்கும் குறிப்புகள் பின்னால் சேர்க்கப்பட்டவை. குறிப்பை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் வாசிக்கச் சொன்னால் என் மாணவிகள் முற்றிலும் வேறொரு பெண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். யார் பேசுகிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பல நேரங்களில் பேசியவரிடம் இருப்பதில்லை.

*

இப்போது அந்த ஜூரி. படத்தில் நீதிமன்றமே கிடையாது. அட்டைதான் அதைக் கொண்டுவருகிறது. எந்த ஜூரியும் அவளைத் தண்டிக்காது என்று அது உறுதியளிக்கிறது. அந்தப் பத்தாண்டின் அமெரிக்க வரலாறு தெரிந்த பெண் யாரும் அந்த வரியை எளிதில் தாண்டிப் போக முடியாது.

நியூயார்க் மாநிலத்தில் வன்புணர்வுக்கு ஆளான பெண்ணின் சொல் மட்டும் போதாது, அதை உறுதிப்படுத்தும் வேறு சாட்சியம் வேண்டும் என்ற விதி 1974இல்தான் முழுவதுமாக நீங்கியது. ஸார்ச்சி அந்தப் பெண்ணைக் கண்டதாகச் சொல்லும் அதே ஆண்டு. அதே 1974இல் கலிஃபோர்னியாவில் இனெஸ் கார்சியா என்ற பெண், தன்மீது நடந்த வன்புணர்வுக்குத் துணைநின்ற ஆணைச் சுட்டுக் கொன்றார். ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்றது. பெண்ணிய அமைப்புகள் திரண்டு போராடின. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, மறுவிசாரணையில் அவர் விடுதலையானது 1977இல். வட கரோலினாச் சிறையில் ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண், தன்னிடம் பாலியல் வன்முறைக்கு வந்த வெள்ளையினச் சிறைக்காவலரைக் கொன்றதும் 1974இல்தான். 1975 ஆகஸ்டில் அவர் விடுதலையானார் என்றால், அதற்குப் பின்னால் நாடு முழுவதும் பணம் திரட்டிய, ஊர்வலம் போன பெண்களும் குடியுரிமை இயக்கத்தவரும் இருந்தார்கள்.

ஆக, எந்த ஜூரியும் தண்டிக்காது என்பது பொய். ஒரு ஜூரி தண்டித்தது. இன்னொரு ஜூரி விடுவிக்க ஓர் இயக்கமே வேண்டியிருந்தது. தண்டிக்காதிருக்கப் பெண்கள் தெருவில் நின்று வாங்கிய நியாயத்தை, விளம்பரம் எழுதியவர் செலவில்லாமல் எடுத்து, கிழிந்த உடைக்குப் பக்கத்தில் அச்சிட்டார். அரங்குக்கு வருபவனிடம் அது சொல்வது இதுதான்: நீயே ஜூரி, வந்து உட்கார், முதலில் அவளுக்கு நடப்பதைப் பார், பிறகு அவள் செய்வதைப் பார், உனக்கு இரண்டுமே கிடைக்கும், குற்றவுணர்வு வேண்டாம். சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்த ஐந்து, நான்கு என்ற எண் பிழை உண்மையான பிழைதான். ஆனால் அந்த வாசகத்தின் பெரிய பிழை அடுத்த வரியில் இருக்கிறது. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

*

உறைகளைக் கூர்ந்து வாசித்தவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டுமல்ல. அவர்களுக்கு முன்பே பெண்கள் வாசித்தார்கள்.

1976இல் அமெரிக்காவில் 'ஸ்னஃப்' என்ற படம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவில் எடுத்து யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு படத்தின் இறுதியில், ஒரு பெண்ணை உண்மையாகவே கொல்வதுபோன்ற சில நிமிடக் காட்சியை ஒட்டி, பெயரை மாற்றி விற்றார்கள். உயிர் மலிவாகக் கிடைக்கும் தென் அமெரிக்காவில்தான் இப்படி ஒரு படத்தை எடுக்க முடியும் என்ற பொருளில் விளம்பரம். நியூயார்க்கில் பெண்கள் அரங்கின் வாசலில் மறியல் செய்தார்கள். கொல்லப்பட்டதாகச் சொன்ன நடிகை உயிரோடுதான் இருக்கிறார் என்பதை மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் விசாரித்து அறிவிக்க வேண்டியிருந்தது. பெண்கள் எதிர்த்தது ஒரு பொய்யான பொதியை. ஆனால் ஒரு பெண்ணின் கொலை உண்மை என்று சொன்னால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு பொய்யில்லை.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைத்தட்டு ஒன்றுக்காக வைத்த விளம்பரப் பலகையில், கயிற்றால் கட்டப்பட்டு உடலெங்கும் கன்றிப்போன ஒரு பெண் தனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான பெண்கள் என்ற குழு போராடிப் பலகையை இறக்க வைத்தது. அதோடு நிற்காமல் இசைத்தட்டு உறைகளைக் கூட்டங்களில் திரையிட்டுக் காட்டி விளக்கினார்கள். வார்னர், எலெக்ட்ரா, அட்லாண்டிக் நிறுவனங்களின் தட்டுகளை வாங்காதீர்கள் என்று இயக்கம் நடத்தினார்கள். 1979இல் வார்னர் குழுமம் உறைகளில் பெண்கள்மீதான வன்முறையைத் தவிர்க்கும் கொள்கையை ஏற்றது. உறையும் ஒரு பிரதி, அதற்கும் பொறுப்பேற்க வேண்டியவர் உண்டு என்பதை அவர்கள் நிலைநாட்டினார்கள். அரசின் தடையைக் கேட்காமல், வாங்குபவரின் கையை நம்பிச் செய்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் நின்ற லீட்ஸ் நகரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1975க்கும் 1980க்கும் இடையில் பீட்டர் சட்க்ளிஃப் என்பவன் வட இங்கிலாந்தில் பதிமூன்று பெண்களைக் கொன்றான். பெண்கள் இருட்டிய பிறகு வெளியே வர வேண்டாம் என்றது காவல்துறை. இரவு எங்களுடையதும்தான் என்று லீட்ஸ் பெண்கள் 1977 நவம்பரில் தெருவில் இறங்கினார்கள். 1980இல், பெண்ணை வெட்டிக் கொல்வதைக் காட்டும் படங்கள் ஓடிய அரங்குகளின் வாசலிலும் நின்றார்கள். அந்தப் போராட்டங்களில் இருந்த ஜூலி பிண்டல் என்ற பத்திரிகையாளர், முப்பது ஆண்டுகள் கழித்து 2011இல், 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' பற்றித் தான் கொண்டிருந்த கருத்து தவறு என்று எழுதினார். அதற்கு முன்பே 1992இல் கேரல் குளோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இதைப் போன்ற படங்களில் ஆண் பார்வையாளனும் துன்புறும் பெண்ணின் இடத்தில் நின்றே பார்க்க நேர்கிறது என்று விரிவாக வாதிட்டிருந்தார்.

ஆனால் 1980இல் சிகாகோ அரங்கில் இதைப் பார்த்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வேறொன்றைப் பதிவுசெய்தார். வன்புணர்வுக் காட்சிகளில் தன்னைச் சுற்றியிருந்த ஆண்கள் கைதட்டி உற்சாகப்படுத்தியதையும், பிற்பகுதியில் ஒரு பெண் நாயகியின் பழிவாங்கலை ஆதரித்துக் குரல்கொடுத்ததையும் அவர் எழுதினார். குளோவர் படத்தை வாசித்தார், ஈபர்ட் அரங்கை வாசித்தார். இரண்டும் உண்மையாக இருக்க இடமுண்டு. கைதட்டியவர்களை அரங்குக்குள் அழைத்து வந்தது அந்தச் சுவரொட்டி. என்ன பார்க்கப் போகிறார்கள் என்று அவர்களுக்கு வாசலிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது.

இதைப் பெண்ணியப் படம் என்று நான் சொல்லமாட்டேன். அத்தனை நீண்ட வன்முறையைக் காட்டித்தான் நம் இரக்கத்தைப் பெற முடியும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அதேசமயம் அட்டை சொல்லும் படமும் அது இல்லை. அட்டையை எதிர்த்த பெண்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்கள் கண்முன் இருந்தது அட்டைதான். அதைச் சரியாகவே வாசித்தார்கள்.

*

சேகரிப்பாளர்களைக் கேலிசெய்ய இந்தக் கட்டுரையைத் தொடங்கவில்லை. ஒருவகையில் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். மலிவுப் படங்களின் உறைகளை எந்த நூலகமும் அன்று பாதுகாக்கவில்லை. ஒரே படம் எந்தெந்தப் பெயரில், எந்தெந்த அட்டையில் வந்தது என்பதைத் தேதிவாரியாக அடுக்கிவைத்தவர்கள் அவர்கள். 2013இல் அமெரிக்க வீடியோ நிறுவனம் ஒன்று, பழைய கிடங்கில் கிடைத்தவை என்று சொல்லி எண்பதுகளின் பெரிய கேசட் பெட்டிகளை விற்றபோது, இவை புதிதாக அச்சிட்டவை என்று சேகரிப்பாளர்கள் ஆதாரங்களோடு வாதிட்டார்கள். ஒரு தாள் எப்போது அச்சானது என்பதில் அவர்கள் காட்டும் பிடிவாதம் சுவடி ஆராய்ச்சியாளரின் பிடிவாதத்துக்குக் குறைந்ததல்ல. அது இல்லையென்றால் 'பெண்ணின் நாள்' என்ற பெயர் இருந்த தடமே எனக்கு எட்டியிருக்காது.

அவர்களிடம் இல்லாதது ஒரே ஒரு கேள்வி. இது அசலா என்று கேட்கிறார்கள். யாருக்கு அசல் என்று கேட்பதில்லை. இயக்குநர் வைத்த பெயர் நீக்கப்பட்டு, படத்தில் இல்லாத ஐந்தாவது ஆணும் படத்தில் இல்லாத ஜூரியும் சேர்க்கப்பட்ட தாள்தான் அவர்களுக்கு முதல் பதிப்பு. 2010இல் படம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, புதிய நடிகை, புதிய இயக்குநர், ஆனால் சுவரொட்டியில் மறுபடியும் ஒரு பெண்ணின் முதுகு. முப்பது ஆண்டுகளில் அந்த முதுகு ஒரு வணிகக் குறியாகவே மாறிவிட்டிருந்தது. நான் பார்த்த எந்த உறையிலும் கிழிந்த பக்கங்களை ஒட்டும் கைகள் இல்லை.

இதில் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. பதிப்பகத்திலிருந்து பார்சல் வந்த அன்றுதான் அட்டையை முதன்முதலாகப் பார்த்தேன். கூந்தலை அவிழ்த்துவிட்டு, முகம் காட்டாமல், வெற்று முதுகோடு ஒரு பெண். உள்ளே இருந்தவை பெரும்பாலும் என் பாட்டியின் கல்லுரலையும், ரேஷன் கடை வரிசையையும், கல்லூரி விடுதியையும் பற்றிய கவிதைகள். தொலைபேசியில் கேட்டேன். பெண் கவிதை என்றால் வாசகர் எதிர்பார்ப்பது இதைத்தானேம்மா, புத்தகம் நகர வேண்டாமா என்றார் பதிப்பாளர். நான் மேற்கொண்டு பேசவில்லை. புத்தகம் வந்ததே பெரிது என்று நினைத்தேன். வெளியீட்டு விழாவில் பேசிய மூவரில் இருவர் உடல்மொழி பற்றிப் பேசினார்கள். அட்டையை வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். கல்லுரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பல ஆண்டுகள் அது என் கவிதையின் குறை என்றே நம்பினேன். அந்தச் சந்தையில் நின்றபோதுதான் அது வேறு ஒன்றாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

இப்போது முதுகலை வகுப்பில் எந்தப் பெண்ணின் நூலைத் தொடங்கினாலும் முதல் வகுப்பு அட்டைக்குத்தான். பதிப்பு விவரப் பக்கத்தைத் திறந்து அட்டை வடிவமைப்பு யார், எத்தனையாவது பதிப்பு என்று பார்க்கச் சொல்கிறேன். முந்தைய பதிப்பின் அட்டை கிடைத்தால் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது, யாருக்காக மாறியிருக்கிறது என்று கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு வீட்டிலிருந்து அம்மாவின் பழைய மாதநாவல்களைக் கொண்டுவரத் தொடங்குவார்கள்.

என் தொகுப்பின் மறுபதிப்புக்குச் சென்ற ஆண்டு வேறொரு பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியது. அட்டைப்படமும் பின்னட்டை வாசகமும் ஆசிரியரின் ஒப்புதலோடுதான் அச்சுக்குப் போக வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். இதுவரை யாரும் கேட்டதில்லையே மேடம் என்றார் அங்கிருந்த இளைஞர். அவருக்கு ஐந்து ஆண்கள், நான்கு ஆண்கள் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த வரியைத் தட்டச்சு செய்தார்.